கொள்ளளவு

கொள்ளளவு என்ற சொல்லைத் தமிழில் நாம் ஏரிகளுக்கும் அணைகளுக்குமே பெரும்பாலும் வைத்திருந்தோம். மழைக்காலத்து நாளிதழ்களில் கட்டம் கட்டி வரும் நீர்மட்டச் செய்திகளில்தான் அது புழங்கியது. மென்பொருள் துறையில் குழுக்களை நடத்தும் என் போன்றவர்கள் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அதே பொருளில் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறோம். ‘அவரிடம் இன்னும் எவ்வளவு கெபாசிட்டி இருக்கிறது?’ என்ற கேள்வி யாருக்கும் வினோதமாகப் படுவதில்லை.

இந்தக் கணக்கின் முறை எளிமையானது. அஸ்யூர் டெவ்ஆப்ஸ் போன்ற ஒரு திட்டமிடல் மென்பொருளில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் வேலை செய்வார், எந்த வகை வேலை, எந்தெந்த நாள் விடுப்பு என்று குறிக்க வேண்டும். பத்து வேலைநாட்கள், நாளுக்கு ஆறு மணி என்றால் அறுபது மணிநேரம். அவருக்கு ஒப்படைத்த பணிகளின் மீதி நேரம் அறுபதைத் தாண்டாதவரை பட்டை பச்சை, தாண்டினால் சிவப்பு. எம்.எஸ். புராஜெக்ட்டில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி என்பது முன்பே அமைந்திருக்கும். ஒருவர்மீது அளவுக்கு மேல் சுமை ஏறினால் பணியின் ஓரத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு மனித உருவம் தோன்றும். அனுபவமுள்ளவர்கள் எட்டு என்று இடுவதில்லை, ஆறு என்றே இடுவார்கள். கூட்டங்களும் மின்னஞ்சல்களும் புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அரைமணிகளும் எந்தப் பணியின் பெயரிலும் பதிவாவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கு தடுக்கி விழும் முதல் இடம் பாதிகள். ஒருவரை ஒரு திட்டத்துக்கு 50 சதவீதம், இன்னொன்றுக்கு 50 சதவீதம் என்று பிரித்தால் திரையில் நூறு வந்துவிடும். அந்த மனிதருக்கோ காலையில் இரண்டு கூட்டங்கள், இரண்டு மேலாளர்கள், இரண்டு அவசரங்கள். ஒன்றிலிருந்து மனத்தைப் பிடுங்கி மற்றொன்றில் நடுவதற்கு ஆகும் நேரத்துக்கு அட்டவணையில் பத்தி கிடையாது. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 உருவாக்கத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், ஆளும் மாதமும் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடாது என்பதை 1975இலேயே ஒரு நூலாக எழுதினார். அந்த நூலைப் படித்தவர்களும் மறுநாள் காலையில் ஆளையும் மாதத்தையும் பெருக்கத்தான் உட்கார்கிறோம்.

இரண்டாவது இடம் நிரப்புதல். எல்லோருடைய பட்டையும் விளிம்புவரை பச்சையாக இருந்தால் அதைத் திறமையான திட்டமிடல் என்கிறோம். கோபன்ஹேகனில் தொலைபேசி அழைப்புகளின் நெரிசலை ஆராய்ந்த எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு வேறொன்றைச் சொல்கிறது. வேலைகள் முன்னறிவிப்பின்றி வந்துசேரும் ஒரே ஆளை அதன் எளிய மாதிரியில் வைத்துப் பார்க்கலாம். அவர் 50 சதவீத நேரம் வேலையில் இருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலை முடியும் நேரம் அளவு காத்திருக்கும். 80 சதவீதத்தில் அது நான்கு மடங்கு, 90இல் ஒன்பது மடங்கு. நூறை நெருங்க நெருங்கக் காத்திருப்புக்கு எல்லையே இல்லை. காலியாகத் தெரியும் இடம்தான் எதிர்பாராததைத் தாங்குகிறது. சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய நிரம்பியிருந்த அந்த ஏரியின்மேல் பெருமழை பெய்தபோது, விநாடிக்கு 29,000 கன அடிவரை அடையாற்றில் திறந்துவிட நேர்ந்தது.

ஆனாலும் என்னை உறுத்துவது கணக்கின் பிழைகள் அல்ல, கணக்கு மதிப்பீடாக மாறும் தருணம். எங்கள் குழுவில் ஒரு பெண்மணி இருக்கிறார். தந்தைக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நிர்வாகத்தின் அனுமதியோடு, அதற்கேற்பக் குறைந்த சம்பளத்தில், திங்கள், புதன், வெள்ளிகளில் அரைநாள் மட்டும் வருகிறார். நாற்பதில் இருபத்தெட்டு மணி. மென்பொருளில் 70 சதவீதம். அந்த எழுபதுக்குள் ஏற்றுக்கொண்ட எதையும் அவர் மறுசுற்றுக்குத் தள்ளியதில்லை. ஆண்டிறுதி மதிப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் இந்த எண்ணும் அச்சாகி வந்தது. ‘எல்லோரும் நூறு, இவர் மட்டும் ஏன் எழுபது?’ என்று கேட்டார் ஒருவர். விளக்கினேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்கள். தரநிலை ஒரு படி கீழேதான் வந்தது.

சில நாட்கள் கழித்து அவர் என் இருக்கைக்கு வந்தார். ‘சார், அந்த எழுபதை நூறுன்னு மாத்திடுங்க. மிச்சத்தை ராத்திரி உட்கார்ந்து முடிச்சிடறேன்’ என்றார். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. கணக்கு கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்ற தீர்மானம் மட்டும் இருந்தது. நான் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் திரை பச்சையாகவே இருந்திருக்கும், அந்த இரவுகள் எங்கும் தெரிந்திருக்காது. மாற்றாததன் விலையை அவருடைய ஊதிய உயர்வு கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டில் எது அவருக்கு நன்மை என்று என்னால் இன்றும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பத்தியை மதிப்பீட்டுத் தாளிலிருந்து எடுத்துவிடும்படி எழுதிக் கேட்டேன். மறு ஆண்டு எடுத்துவிட்டார்கள். பழைய தரநிலை மட்டும் பதிவில் அப்படியே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எண்களை நான் இடுவதில்லை, அவரவரே சொல்கிறார்கள். யாராவது ‘இந்த வாரம் நாலு மணி போடுங்க’ என்றால் காரணம் கேட்பதில்லை. அந்தப் பெண்மணி இருபத்தெட்டுக்கு உரியதைத்தான் சொல்கிறார். திங்கள், புதன், வெள்ளிகளில் ஒரு மணிக்குக் கணினியை மூடிவிட்டு, யாரிடமும் விடைபெறாமல், மருத்துவமனைக்குக் கிளம்பிப் போகிறார்.