கொள்ளிடக்கரையில் ஒரு டைரி

கும்பகோணத்தில் பஸ் ஏறினால், நீலத்தநல்லூர் தாண்டியதும் கொள்ளிடப் பாலம். அக்கரையில் மதனத்தூர். அங்கிருந்து அரியலூர் மாவட்டம். இன்னும் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர், தா.பழூர்.

போன கோடை விடுமுறையில் பேரனோடு அந்தப் பாலத்தைக் கடந்தேன். "பாலம் இல்லாத காலத்துல, உன் பாட்டியும் நானும் இந்த மணல்ல நடந்தே அக்கரைக்குப் போனோம்டா" என்றேன்.

"எந்த வருஷம் தாத்தா?"

"1981, சித்திரை மாசம்" என்று அடித்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த பழைய டைரியை அவனே எடுத்துப் பார்த்தான். வருஷம் சரி, மாசமும் சரி. ஆனால் கூட நடந்தது அவன் பாட்டி இல்லை; என் அம்மா. எனக்குக் கல்யாணம் ஆனதே 1983ல்தான்!

கதை எழுதியே பழகியவன் நான். ஆனால் அன்று பேரனிடம் கதை விடவில்லை. 74 வயதில் ஞாபகம் தானாகவே கதை கட்டுகிறது. அது கொஞ்சம் பயமாக இருந்தது. நடுவில் பல வருஷம் விட்டுப்போயிருந்த டைரியை, அன்று ராத்திரியே மறுபடி தொடங்கிவிட்டேன்.

பெரிய தத்துவம் எதுவும் அதில் இருக்காது. பொன்னாற்று வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நடவுக்கு ஆள் கிடைக்காத கதை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி என்ன விலை, டீக்கடையில் யாரைக் காணோம், இவ்வளவுதான். "இதையெல்லாம் யாருப்பா படிக்கப்போறா?" என்று மகள் கேட்கிறாள்.

அவளுக்கு நான் சொல்லும் பதில், எங்கள் ஒன்றியத்திலேயே இருக்கும் ஸ்ரீபுரந்தான். அங்கே பூட்டிக்கிடந்த சிவன் கோயிலில் இருந்து சோழர் கால நடராஜர் திருடு போனார். கடல் தாண்டி, 2008ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விலைபோனார். அவர் எந்த ஊர்ச் சாமி என்று காட்டிக்கொடுத்தது ஒரு போட்டோ. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994ல் எடுத்து, பத்திரமாக வைத்திருந்த படம் அது. எடுத்தவருக்கு அன்று அது வழக்கமான ஒரு நாள் வேலை. 2014 செப்டம்பரில் நடராஜர் நாடு திரும்ப அதுவே சாட்சி ஆனது.

அதே புதுச்சேரியில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையும் டைரி எழுதினார். 1736ல் தொடங்கி, 1761ல் இறப்பதற்குச் சற்று முன்பு வரை. கப்பல் வந்தது, சரக்கு விலை, யாரோடு யாருக்குச் சண்டை என்று நாள்தோறும் குறித்து வைத்தார். அவர் காலத்துப் புதுச்சேரியை அறிய இன்று அந்தக் குறிப்புகளைத்தான் புரட்டுகிறோம்.

எங்கள் அரியலூர்ப் பக்கம் சிறுவயதைக் கழித்த உ.வே.சாமிநாதையரோ, தன் வரலாற்றை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கியது 1940ல். வயது 85ஐ நெருங்கியிருந்தது. சோறு போட்டவர்கள், பாடம் சொன்னவர்கள், யாரையும் விடவில்லை. 1942ல் அவர் மறைந்தபோது தொடர் முடிந்திருக்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு ஞாபகசக்தி. என்னைப் போன்றவனுக்கு நோட்டுதான் கதி.

பழைய டைரிகளைப் புரட்டும்போது 1996ல் ஒரு வரி கண்ணில் பட்டது: "ரசத்தில் உப்பு ஜாஸ்தி. சொன்னேன். கோபம். சாயங்காலம் அவளே முறுக்கு சுட்டுக் கொடுத்தாள்."

அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி உருகி உருகி எழுதிய பக்கங்களும் அந்த டைரிகளில் இருக்கின்றன. அவற்றைப் படித்தால் என் எழுத்துதான் தெரிகிறது. இந்த உப்பு ரசத்தில்தான் அவள் இருக்கிறாள். படித்ததும், அடுப்படியில் இருந்து அவள் குரல் கேட்டதுபோல் இருந்தது.

அதனால் சொல்கிறேன். தினமும் நாலு வரி போதும். தேதி போடுங்கள், பேர் போடுங்கள், கூட யார் வந்தார்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

பேரன் ஊருக்குக் கிளம்பிய அன்று ராத்திரி நான் எழுதியது இது: "பாலம் வரை அவனோடு பஸ்சில் போனேன். மதனத்தூரில் நான் இறங்கிக்கொண்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஜன்னல் வழியாகக் கை காட்டிக்கொண்டே போனான்."