பிரெஞ்சில் மூன்றாமிடம்

போன வருஷம் இந்தப் பத்திரிகையில் நான் மல்லார்மே பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். ஒரே ஒரு கேள்விதான். ‘மூலத்தின் ஓசை’ என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்களே, மூலத்தை எந்தப் பதிப்பில் படித்தீர்கள்? கேள்வியில் கேலி இல்லை. இருந்திருந்தால் பதில் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் பிரெஞ்சில் நூற்றுக்கு 91 வாங்கியவன் நான். பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்த அன்று கல்லூரி அலுவலக ஜன்னலுக்குள்ளிருந்தவர் தலை நிமிராமல் “லாங்வேஜ்?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் பின்னால் நின்ற அப்பா, “பிரெஞ்சு போடுங்க சார், மார்க் வரும்” என்றார். நாலு செமஸ்டர் படித்தேன். பாடப் பத்திகளை இங்கிலீஷில் மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அந்த மொழிபெயர்ப்பு முந்தின வருஷத்துப் பையன் ஒருவனின் நோட்டில் தயாராக இருந்தது. மனப்பாடம் செய்தேன். மார்க் வந்தது, அப்பா சொன்னது பொய்யில்லை.

கார்டு மேஜை டிராயரில் கிடந்த நாட்களில் எட்கர் ஆலன் போவின் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருந்தேன். மல்லார்மேயை விட்டு ஓடிப் போவிடம் ஒளிந்துகொண்டேன் என்று சொன்னாலும் சரிதான். ஒளிந்துகொள்ள அது ஏற்ற இடமில்லை என்று பிறகு தெரிந்தது.

போ 1830இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் கேடட்டாகச் சேர்ந்தார். 1831 ஜனவரிப் பரீட்சையில் 87 பேர் கொண்ட வகுப்பில் கணிதத்தில் 17ஆவது, பிரெஞ்சில் மூன்றாவது. இந்த ‘மூன்றாவது’ என்னை உட்காரவைத்துவிட்டது. கவிஞன், ஆகவே பிரெஞ்சில் தேர்ந்தவன் என்று நமக்கு ஒரு முடிச்சுப் போடத் தோன்றும். விஷயம் அப்படியில்லை. அங்கே பிரெஞ்சை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இருந்த அந்நிய மொழி அது ஒன்றுதான், எல்லோருக்கும் அதுதான். கல்லூரி ஆரம்பமானது 1802இல். மறு வருஷமே அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு பிரெஞ்சு ஆசிரியரையும் ஒரு சித்திர ஆசிரியரையும் நியமிக்க அனுமதி தந்துவிட்டது. இரண்டும் கலைக்காக அல்ல. கோட்டை கட்டுவதும் பீரங்கி நிறுத்துவதும் பற்றிய நல்ல புஸ்தகங்கள் பிரெஞ்சில் இருந்தன. 1815இல் பிரான்சுக்குப் போன தேயர் ஏறக்குறைய ஆயிரம் புஸ்தகங்களோடு திரும்பி, 1817இல் கல்லூரியின் தலைவரானார். நெப்போலியனின் படையிலிருந்து வந்து பொறியியல் கற்பித்த க்ரோஸே, பாடம் நடத்த இங்கிலீஷில் புஸ்தகம் இல்லையென்று கண்டு 1821இல் தானே ஒன்று எழுதினார். பிரெஞ்சு பேசவேண்டிய அவசியம் இல்லை. படித்து அர்த்தம் சொன்னால் போதும். கரும்பலகை, தினசரி ஒப்பித்தல், தினசரி மார்க், மார்க்குப்படி பிரிவு. என் நாலு செமஸ்டரைத்தான் யாரோ சொல்வதுபோலிருந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. போவுக்கு அந்த மொழி முன்பே தெரியும். 1826இல் வர்ஜீனியா சர்வகலாசாலையில் லத்தீனிலும் பிரெஞ்சிலும் நன்றாகத் தேறியவர். இன்றைக்கு அங்கே சேர்ந்திருந்தால் அவரை என்ன செய்திருப்பார்களோ. சமீப வருஷங்களில் அங்கே அரபி, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், பாரசீகம், போர்ச்சுகீஸ், ருஷ்யன், ஸ்பானிஷ் என்று எட்டு மொழிகள். சேர வருகிறவர்களிடம் விருப்பத்தை வரிசைப்படுத்தித் தரச் சொல்கிறார்கள். ஏற்கனவே படித்த மொழியில் பரீட்சை வைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் எத்தனை இடம் இருக்கிறது, ராணுவத்துக்கு எது வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்து ஒதுக்குகிறார்கள். முதல் விருப்பம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நன்றாகப் பிரெஞ்சு தெரிந்த ஒரு பையனுக்கு அரபி விழுந்தால் ஆச்சரியமில்லை. எங்கள் வங்கியில் டிரான்ஸ்பர் ஆர்டர் வருவதற்குமுன் மூன்று ஊர்களின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த ஞாபகம் வந்தது.

ராணுவத்துக்கு எது வேண்டும் என்பதும் ராணுவத்துக்குச் சரியான வேளையில் தெரிவதில்லை. பின்னாளில் ஜனாதிபதியான கிராண்ட் அதே கல்லூரியில் 1839இல் சேர்ந்தார். பிரெஞ்சில் மிக மோசம். தன் வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கிறார். படிப்பு முடிந்து அவர் போன யுத்தம் மெக்ஸிகோவில், 1846இல். அங்கே பேசினது ஸ்பானிஷ். கல்லூரிப் பாடத்தில் ஸ்பானிஷ் நுழைந்தது 1850களில், யுத்தம் முடிந்து வருஷங்கள் கழித்து. ஜெர்மனும் ருஷ்யனும் நுழைய இரண்டாம் உலக யுத்தம் வரவேண்டியிருந்தது.

போ அங்கே நிலைக்கவில்லை. அணிவகுப்புக்கும் வகுப்புக்கும் போகாமல் இருந்து, ராணுவ விசாரணையில் நின்று, 1831 மார்ச்சில் வெளியேற்றப்பட்டார். வேண்டுமென்றே செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போகிறபோது கேடட்டுகளிடம் ஒரு கவிதைத் தொகுதிக்குச் சந்தா பிடித்தார். தலைக்கு ஒன்றேகால் டாலர், சம்பளத்தில் பிடித்தம். தேயர் அதற்குச் சம்மதித்தார் என்பதை நான் மரியாதையோடு குறித்துக்கொண்டேன். நம் பத்திரிகைகளுக்கு அப்படியொரு அதிகாரி வாய்க்கவில்லை. அதிகாரிகளைக் கிண்டல் செய்யும் பாட்டுகள் வரும் என்று காத்திருந்த பையன்களுக்கு ஹெலனைப் பற்றிய கவிதை வந்தது. புஸ்தகம் அவர்களுக்கே சமர்ப்பணம் செய்யப்பட்டிருந்தது. ஏமாற்றம்தான்.

பிறகு நடந்தது இந்த வட்டத்துக்குத் தெரியும். போதலேர் 1856 முதல் 1865 வரை போவை ஐந்து புஸ்தகங்களாகப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். மல்லார்மே, போவை இன்னும் நன்றாகப் படிப்பதற்காகவே இங்கிலீஷ் கற்றதாக வெர்லேனுக்கு எழுதினார். அதே இங்கிலீஷைப் பள்ளிக்கூடங்களில் சுமார் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கவிஞனுக்காக ஒரு மொழியைக் கற்றவர் அவர். ஒரு மார்க்குக்காக ஒரு மொழியைக் கற்று, அதையும் கற்காமல், அவர் கவிதையின் ‘ஓசை’யைப் பற்றித் தமிழில் ஆறு பக்கம் எழுதியவன் நான். நான் கேட்ட ஓசை ஒரு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளருடையது. பக்கத்தில் அச்சாகியிருந்த பிரெஞ்சு வரிகளை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நான் மட்டுமா என்று கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்களை இங்கிலீஷ் வழியாகத்தான் அறிந்தோம். வெ. ஸ்ரீராம் காம்யுவின் ‘அந்நிய’னை 1980இல் மூலத்திலிருந்தே கொண்டுவந்தது விதிவிலக்கு. இங்கிலீஷ் வழியாக அறிந்ததில் தப்பில்லை. அதைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. நமக்கு இங்கிலீஷ் ஒதுக்கப்பட்டது. அதன் ஜன்னலில் எது தெரிந்ததோ அதை உலக இலக்கியம் என்றோம். அரபியையோ பாரசீகத்தையோ வேண்டாமென்று நாம் முடிவு செய்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவை நம் விண்ணப்பத்தில் அச்சாகியிருக்கவே இல்லை.

அந்தக் கார்டுக்கு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். முதல் பதிலில் பதிப்பின் பெயரைக் கொடுத்திருந்தேன், இரு மொழிப் பதிப்பு என்பதை விட்டுவிட்டு. இரண்டாவதில் நான் வாங்கிய 91 மார்க்கைப் பற்றி வேடிக்கையாக எழுதியிருந்தேன். இந்த இதழ் வந்ததும் அவருக்கு ஒரு பிரதி அனுப்பும்படி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். தபால் செலவு என்னுடையது.