கழற்சி வேலி

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அந்த மானாவாரி நிலம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஆளுக்கு 2 ஏக்கர். அண்ணன் காலமான பிறகு, அவர் பங்கில் பாடுபடுவது அவருடைய மனைவி. ஆடிப்பட்டத்தில் நிலக்கடலை, ஊடுபயிராகத் துவரை. காய் முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். விடிந்து போய்ப் பார்த்தால், ஏர் ஓட்டியதுபோல நிலம் புரண்டு கிடக்கும்.

ஒரு வருடம் இரண்டு பேர் காட்டிலும் பாதிக் கடலை போய்விட்டது. அன்றைக்குக் கொழுந்தனார் சொன்னார்: "இனிமே தாங்காது அண்ணி. கரண்டு கம்பி இழுத்துடறேன். ராத்திரி போட்டு விடியறதுக்குள்ள எடுத்துடலாம்."

அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருட்டோடு எழுந்து, அதே வரப்பில் நடந்து சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது அவருடைய மகன். திருட்டு மின்வேலி சட்டப்படி குற்றம். அதில் பன்றிக்கு முன்னால் மனிதர்கள் மாட்டிக்கொண்ட ஊர்கள் உண்டு. "வேணாம் தம்பி. பன்னிக்கு வெச்சது பிள்ளைக்கு ஆயிடும். உயிர்வேலி போடறேன். அதுவரைக்கும் காவலுக்கு ஆள் மாத்தி ஆள் படுத்துக்கலாம்" என்றார். கொழுந்தனாருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அண்ணியின் பேச்சைத் தட்டவில்லை.

அடையாளம் சொன்ன மாமியார்

உயிர்வேலிக்குக் கழற்சிக்கொடியே சரி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தார். மலையோரம் போய் முள்கொடி ஒன்றை வெட்டிவந்து மாமியாரிடம் காட்டினார். கிழவி பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது இண்டு. இலை புளிய இலையைவிடப் பொடிசா இருக்குது பாரு. இதுல பூ வெள்ளையா உருண்டை உருண்டையா வரும். காய் தட்டையா, முள்ளில்லாம இருக்கும்."

சீயக்காய்க் கொடியையும் இதே மாதிரிதான் கழற்சி என்று ஏமாறுவார்கள். அதற்கும் பொடி இலை, உருண்டைப் பூ.

கழற்சியின் இலையும் இரட்டைக் கூட்டிலைதான். ஆனால் ஒவ்வொரு சிற்றிலையும் அகலமாக, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கும். இலைக்காம்பின் அடிப்பக்கம் பின்னோக்கி வளைந்த கொக்கி முள். கையை விட்டால் உள்ளே போகும். இழுத்தால் வெளியே வராது. பூ மஞ்சள், கொத்துக் கொத்தாக நிமிர்ந்து வரும். காயைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. உள்ளங்கை நீளத்துக்குள், மேலெல்லாம் முள் போர்த்திய காய். முற்றி வெடித்தால் உள்ளே பெரும்பாலும் ஒன்று இரண்டு விதை, சாம்பல் நிறத்தில், கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று. சங்க காலத்துப் பெண்கள் கழங்காடியது இந்தக் கொட்டையை வைத்துத்தான். மாமியாரும் திண்ணையில் உட்கார்ந்து ஆடியவர்தான்.

கல்லில் தேய்த்த விதை

முதல் தடவை விதையை அப்படியே பையில் ஊன்றினார். ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. தோண்டிப் பார்த்தால், போட்ட விதை போட்டபடி பளபளவென்று இருக்கிறது. கழற்சி விதையின் ஓடு தண்ணீரை உள்ளே விடாது. கடலிலேயே மாதக்கணக்கில் மிதந்து போய், வேறு கரையில் முளைக்கிற விதை அது.

மறுமுறை, ஒவ்வொரு விதையையும் கருங்கல்லில் தேய்த்தார். காம்பு ஒட்டியிருந்த இடத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தில் உள்ளே வெளுப்பு தெரியும்வரை மட்டும். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறல். உப்பிய விதையைப் பையில் போட்டார். உப்பாததை மறுபடி தேய்த்தார். இந்த முறை பெரும்பாலும் முளைத்துவிட்டன.

ஆவணி மழையில், காட்டுப் பக்கத்து எல்லையில் 3 அடி இடைவெளியில், முக்கோண நடவாக இரண்டு வரிசை நட்டார். ஆடு கடிக்காமல் இருக்கக் கருவேல முள் வெட்டி அடைத்தார். கொடி இடுப்புயரம் வந்ததும், கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கவைக்கோலால் பக்கவாட்டில் மடக்கி மடக்கிப் பின்னினார். மேலே ஏறவிட்டால் கீழே சந்து விழும். பன்றிக்கு அந்தச் சந்து போதும். அடியில் கல் அடுக்கி அதையும் அடைத்தார். மூன்றாவது வருடம் வேலி கைகோத்து நின்றது. பன்றிகள் ஓடைப் பக்கம் சுற்றிக்கொண்டு போயின.

வினை நாலாவது வருடம் வந்தது. வெடித்த விதைகளை மழைத்தண்ணீர் கொழுந்தனார் நிலத்துக்கு இழுத்துப்போனது. கரையோரம் முளைத்த கொடி, அவருடைய முருங்கை இரண்டின் மேல் ஏறி மூடிவிட்டது. ஆட்டுக்குட்டி ஒன்று உள்ளே சிக்கி, காதைக் கிழித்துக்கொண்டு வந்தது. பொதுவரப்பில் நட்டிருந்ததும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. "பன்னிக்கு வேலி போட்டீங்களா, எனக்கு வேலி போட்டீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டார்.

அந்த அம்மா பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் அரிவாளும் கடப்பாரையுமாகப் போய், பொதுவரப்பில் தான் நட்ட கொடிகளைத் தானே வேரோடு பிடுங்க ஆரம்பித்தார். நாலாவது கொடியைப் பிடுங்கும்போது கொழுந்தனாரும் கடப்பாரையோடு வந்து நின்றார்.

அன்றைக்குப் பேசி முடிவானது இது: உள்வரப்பில் வேலி கிடையாது. இரண்டு பேர் நிலத்தையும் ஒரே நிலமாக வளைத்து, வெளி எல்லையில் மட்டும் கழற்சி. ஓடைக் கரையில் கூடவே கூடாது. காய் பழுப்பேறி வெடிப்பதற்கு முன்பே துறட்டியால் பறித்துவிட வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, 5 அடிக்கு மேல் போனதை இரு வீட்டாரும் சேர்ந்து வெட்ட வேண்டும். மரத்தின் மேல் ஏறுகிற கொடியை அன்றைக்கே இறக்க வேண்டும்.

பறித்த கொட்டையில் நடவுக்குப் போக மீதியை நாட்டு மருந்துக் கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார். சித்த வைத்தியத்தில் இதற்கு இடமுண்டு. ஆனால் வைத்தியர் சொல்லாமல் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை.

பையன் இப்போதும் இருட்டில்தான் பால் கொண்டுபோகிறான். வரப்பில் கம்பி இல்லை, முள்ளும் இல்லை. சித்தப்பா வீட்டுப் பாலையும் அவனே சேர்த்து எடுத்துப்போகிறான்.