ஒரே வீடு, ஊருக்கு ஒரு சாவி: கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீடுகள்

காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கானாடுகாத்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை முன்பு செல்ஃபி எடுத்துக்கொண்டு பலர் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது.

முகப்பில் நின்றால் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் முடியும். தூண்கள் பர்மா தேக்கு. சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். மே மாத வெயிலிலும் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றிக் கையாலேயே செய்வது. பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் இன்றும் செய்கிறார்கள்.

நடுவில் வானம் பார்த்த வளவு. அதைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. மருமகள் கொண்டுவந்த சீரெல்லாம் அதற்குள். கொஞ்ச நாளில் 'வேறு வைத்து' விடுவார்கள். அதாவது கூரை ஒன்று, அடுப்பு தனித்தனி! மாமியார், மருமகள் பிரச்னைக்கு அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்த தீர்வு.

பணம் வந்தது பர்மா, மலாயா, இலங்கையில் நடந்த வட்டித் தொழிலில் இருந்து. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. பர்மா வரவு நின்றது. புது மாளிகை கட்டுவதும் அடங்கியது.

இன்றைய சிக்கல், அந்த அறைகளில்தான் இருக்கிறது. மகன்களின் பங்கு பேரன்களுக்கு, அவர்களிடமிருந்து கொள்ளுப்பேரன்களுக்கு எனப் பிரிந்துகொண்டே போகிறது. சென்னையில் ஒரு சாவி, சிங்கப்பூரில் ஒரு சாவி. ஓடு மாற்றக்கூட எல்லோரும் பணம் போட வேண்டும். விற்பதானாலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒத்துப்போகாத வீடுகளில் மழைநீர் இறங்குகிறது. ஒத்துப்போய் இடித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடுகின்றன.

2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தன. சில வீடுகள் ஹோட்டலாகிப் பிழைத்துவிட்டன. மற்றவை கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கின்றன. அப்போது வளவு முழுக்கப் பந்தி, அறைக்கு அறை ஒரு குடும்பம்.

போகிறவர்கள், பூட்டிய வீடாக இருந்தாலும் காவலரிடம் கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் முகப்பு வரையாவது விடுவார்கள்.