அம்பாசிடரும் ஒரு டைமிங் செயினும்

அம்பாசிடர் வெச்சிருக்கவங்களுக்கு சத்தம் ஒண்ணும் புதுசு இல்லை. ஹாரனைத் தவிர மத்த எல்லாம் சத்தம் போடும்னு பழைய ஜோக்கே உண்டு :-) ஆனா எங்க வீட்டு 1988 மாடல் மார்க் 4 பெட்ரோல் வண்டியில வந்த சத்தம் வேற மாதிரி. காலையில ஸ்டார்ட் பண்ணதும் இன்ஜினோட முன்பக்கத்துல, சங்கிலியை டப்பாவுல போட்டுக் குலுக்கற மாதிரி ஒரு சலசலப்பு. பிக்கப்பும் குறைஞ்சு போச்சு.

விழுப்புரத்துல காட்டின இடத்துல, "பிக் எண்ட் போயிடுச்சு சார், இன்ஜினையே இறக்கணும். பேசாம காயலான் கடைக்குப் போட்டுடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. மச்சானும் அதையேதான் சொன்னார். அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லலை. இத்தனை வருஷமா தினமும் காலையில வண்டியைத் துடைச்சவர், அன்னிலேருந்து துணியைத் தொடலை. அதைப் பார்த்துதான் இன்னொருத்தர்கிட்ட காட்டிடலாம்னு முடிவு பண்ணேன்.

திண்டிவனத்துல செஞ்சி ரோடு பக்கம் வயசான மெக்கானிக் ஒருத்தர் இருக்கார். போன்லயே, "செயினா இருந்தா வழியில பல்லு தாண்டிடும், ஓட்டிட்டு வராதீங்க"ன்னுட்டார். கயிறு கட்டி இழுத்துக்கிட்டே போனோம். ஸ்டார்ட் பண்ணி, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் முனையை டைமிங் கவர்ல வெச்சு, பிடியைக் காதுல ஒட்டிக் கேட்டார். "தம்பி, பிக் எண்ட்னா லோடு இழுக்கும்போது அடியிலேருந்து டொக் டொக்னு அடிக்கும். இது முன்னாடி சலசலக்குது. செயின்தான்."

நிற்க. இந்த 1489 சிசி இன்ஜின் இங்கிலாந்து பி.எம்.சி. கம்பெனியோட பி சீரிஸ். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. ரெண்டையும் கட்டி வெச்சிருக்கறது ரெட்டை வரிசை செயின். செயின் நீளுதுன்னு சொல்றோமே, இரும்பு நீள்றதில்லை. ஒவ்வொரு கண்ணியிலயும் பின் துளித்துளியா தேயும், எல்லாம் சேர்ந்து நீளமாயிடும். கேம் பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டரும் கேம்ல ஓடறதால கரெண்டும் லேட்டாகும். பிக்கப் குறைஞ்சது அதனாலதான்.

ரேடியேட்டரைக் கழட்டி, ஹேண்டில் அடிக்கற அந்த முன் நட்டை எடுத்து, புல்லி, கவர் எல்லாம் வெளியே வந்துச்சு. டென்ஷனரைப் பார்த்ததும்தான் விஷயமே புரிஞ்சது. ஸ்பிரிங்கும் ஆயில் பிரஷரும் தள்ள, ரப்பர் முகத்தால செயினை அழுத்திப் பிடிக்கற சின்ன பாகம். செயின் தளரத் தளர இது ஒவ்வொரு படியா வெளியே வரும், பின்வாங்காது. எங்க டென்ஷனர் ரப்பர்ல செயின் ரெண்டு ஆழமான வாய்க்கால் வெட்டியிருந்துச்சு. கடைசிப் படி வரைக்கும் வந்து நின்னிருந்துச்சு.

அதாவது, தேய்மானம் சத்தம் வந்த அன்னிக்கு ஆரம்பிக்கலை. பல வருஷமா நடந்தது. அத்தனையும் டென்ஷனர் சத்தமில்லாம தாங்கிக்கிட்டு இருந்துச்சு. இனி நீட்டக் கை இல்லைன்னு ஆனப்பதான் நமக்குக் கேட்டுச்சு.

செயின், டென்ஷனர், ரெண்டு பல் சக்கரம், கவர் ஆயில் சீல், பேக்கிங், எல்லாத்தையும் செட்டா மாத்திடணும்னார். தேய்ஞ்ச பல்லுல புது செயினைப் போட்டா அதையும் சீக்கிரம் தின்னுடும். 2014 மே மாசமே உத்தரபாரா ஆலையில அம்பாசிடர் உற்பத்தி நின்னு போச்சு. ஆனாலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல அலைஞ்சு வாங்கிட்டு வந்தேன். சக்கரங்கள்ல இருக்கற ரெண்டு புள்ளியும் நேருக்கு நேர் பார்க்கற மாதிரி வெச்சு செயினை மாட்டினார். கடைசியா இக்னிஷன் டைமிங்கையும் சரிபார்த்தார். மொத்தச் செலவு நாலு டயர் விலைக்கும் கீழதான்.

திரும்பி வரும்போது அப்பாதான் ஓட்டினார். கூட்டேரிப்பட்டுல என்னைக் கேக்காமலே மயிலம் பக்கம் திருப்பிட்டார் :-)

பி.கு.: டென்ஷனருக்குப் பின்னாடி ஆயில் வர்ற சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கு. புதுசு போடறதுக்கு முன்னாடி அது அடைச்சிருக்கான்னு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க. அடைச்சிருந்தா புது டென்ஷனரும் வெறும் ஸ்பிரிங்லதான் நிக்கும்.