தம்புராவும் இரைச்சலா?

1939-இல் தொடங்கிய ராமசேவா மண்டலி, பெங்களூரு சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிகளை நடத்திவருகிறது. அந்தப் பந்தலில் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்ட ரசிகர்கள் ஒரு காலத்தில் நிறையப் பேர். அவர்கள் விட்டுப்போன கேசட்டுகளைச் செப்பனிடும் நண்பர் ஒருவர் பசவனகுடியில் இருக்கிறார். ஓய்வுபெற்ற பொறியாளர். "என் பேரும் வேண்டாம், பாடினவர் பேரும் வேண்டாம்" என்ற நிபந்தனையோடுதான் மாடி அறைக்குள் விட்டார்.

அன்று அவர் கையில் இருந்தது 90 நிமிடக் கேசட். கம்ப்யூட்டர் பக்கம் போவார் என்று பார்த்தால், கடிகாரக்கடை ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தார். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் கடுகளவு திருகு ஒன்று. கேசட்டை ஓடவிட்டு அதை மெல்லத் திருப்பினார். போர்வைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த பாட்டு சட்டென்று திறந்துகொண்டது. மிருதங்கத்தின் சாப்பு கணீரென்று விழுந்தது. பதிவுசெய்த கருவியில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் இந்த ஹெட்டும் இருக்க வேண்டும். "இதை விட்டுட்டு சாஃப்ட்வேர்ல ட்ரெபிள் ஏத்தினா இரைச்சல்தான் சார் ஏறும்" என்றார். பாதி வேலை இந்தத் திருகிலேயே முடிந்துவிடுகிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

அடுத்தது சுருதி. வர்ணத்தில் ஒரு கட்டையில் இருந்தவர் மங்களத்தில் ஒன்றரைக் கட்டைக்கு ஏறியிருந்தார். பாடகர் மேல் குற்றமில்லை. ரிக்கார்டரின் பேட்டரி தீர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பதிவின்போது டேப் மெதுவாக நகர்ந்தால், சரியான வேகத்தில் போடும்போது குரல் மேலே போகும். 6 சதவீத வேக வித்தியாசம் போதும், அரைக் கட்டை ஏறிவிடும். ஏற்றம் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க நண்பர் நாடுவது, எல்லோரும் வெறுக்கிற அந்த 'உம்ம்' சத்தத்தை. மைக் செட்டிலிருந்து வரும் அந்த மின்சார முனகல் 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். திரையில் அந்தக் கோடு கடைசிப் பக்கத்தில் 53-ஐத் தொட்டிருந்தது. ஆனால் அந்நாள் மின்சாரமும் 50-இல் நிலைத்து நின்றதில்லை. அதனால் தம்புராவின் ஸட்ஜத்தை இன்னொரு சாட்சியாக வைத்துக்கொள்கிறார். வேகத்தை நேராக்கிய பிறகே முனகலை எடுக்கிறார், அதுவும் ஊசி முனை அகலத்துக்கு. அகலமாக வெட்டினால் மிருதங்கத்தின் தொப்பியும் கூடவே போய்விடும்.

இரைச்சல் நீக்கத்தில்தான் நம் கச்சேரிகள் அதிகம் நாசமாகின்றன. 'இரைச்சல் மட்டும் உள்ள இடத்தைக் காட்டு' என்று சாஃப்ட்வேர் கேட்கும். கர்நாடகக் கச்சேரியில் அப்படி இடம் ஏது? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலும் தம்புரா ஓடுகிறது. மாறாமல் ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று எண்ணும் நிரல், தம்புராவைத் துடைத்துவிடுகிறது. யாரோ 'சுத்தம்' செய்து அனுப்பிய கோப்பு ஒன்றைப் போட்டுக் காட்டினார். குரல் பளிச்சென்று இருந்தது. பின்னால் ஒன்றுமில்லை. கமகங்களின் ஓரம் தகரம்போலச் சிணுங்கியது. கூடவே ஒரிஜினலையும் கேட்டேன். இரைச்சலோடு இருந்த அதுவே மேல். இரைச்சல் மாதிரியை நண்பர் எடுப்பது, கச்சேரி முடிந்து தம்புரா நின்றபின் டேப் சும்மா ஓடிய சில நொடிகளிலிருந்து. குறைப்பதும் ஐந்தாறு டெசிபல்தான்.

தனி முடிந்த கைதட்டலில் ரிக்கார்டர் தானாக ஒலியைக் குறைத்துக்கொண்ட இடங்களை, கையாலேயே ஏற்றுகிறார். கேசட்டைத் திருப்பிப் போட்டபோது அறுந்த கல்பனாஸ்வரத்தை மட்டும் ஒட்டுவதில்லை. இரண்டு நொடி மௌனம் விட்டுவிடுகிறார். ஆட்டோ ஹாரன் ஒன்றை நீக்கியிருந்தார். நானாக இருந்தால் விட்டுவைத்திருப்பேன். கோட்டை மைதானத்தில் ஹாரன் இல்லாமல் ராமநவமியா?

நண்பர் இவற்றை விற்பதோ இணையத்தில் ஏற்றுவதோ இல்லை. நம் சட்டப்படி நிகழ்த்துகலைஞரின் உரிமை 50 ஆண்டு நீடிக்கிறது. பாடகர் குடும்பத்துக்கு ஒரு பிரதி, பதிவுசெய்தவர் வீட்டுக்கு ஒரு பிரதி. கை வைக்காத மூலக்கோப்பு, 24 பிட்டில் தனியாக.

2019-இல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி-ஒளிக் காப்பகச் சங்கமும் சேர்ந்து காந்த நாடாக்களுக்காக எச்சரிக்கை விடுத்தன. நாடாவைவிட, அதை ஓட்டும் கருவிகளும் உதிரிபாகங்களும் மறைந்துவருவதுதான் அவர்களின் கவலை. உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவோ தாத்தாவோ பதிவுசெய்த கேசட் இருந்தால், பழைய டூ-இன்-ஒன்னில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா சிக்கினால் அதோடு சரி. யார் பாடியது, பக்கவாத்தியம் யார், எந்த வருஷம் என்று நினைவுள்ளவர்களிடம் இப்போதே கேட்டு அட்டையில் எழுதுங்கள். பிரதி எடுத்தபிறகும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.