எதிர் மூலையில் யார்?

ஆண்கள் கூடும் இடங்களில் ஒரு விளையாட்டு உண்டு. வெவ்வேறு காலத்து வீரர்கள் இருவரை ஒரே மேடையில் ஏற்றி, யார் ஜெயிப்பார் என்று விவாதிப்பது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த என் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் டீக்கடை பெஞ்சில் வருடக்கணக்கில் இதை விளையாடினார்கள். முகமது அலியும் மைக் டைசனும் மோதினால்? 1980-இல் அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியபோது போய்ப் பார்க்க இவர்களில் ஒருவருக்கும் வழியில்லை. ஆனாலும் அலியின் கால் எப்படி நகரும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் போலப் பேசுவார்கள். சில நாள் பேச்சு கடலுக்குத் திரும்பும். கல்லின் கனத்தில் இறங்கி, மூச்சடக்கி முத்துக் குளித்தவன் பெரியவனா, கம்ப்ரசர் காற்றைக் குழாயில் வாங்கிக்கொண்டு சங்கு எடுக்கிறவன் பெரியவனா? கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்து மூச்சு டீக்கடையில் ஒருநாளும் தோற்றதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். “பொம்பளைங்கள்ல யாருப்பா?” என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். “அப்படி யாரு இருக்கா? இருந்தாத்தான சொல்ல முடியும்” என்றார்.

அதில் கேலி இல்லை. அவருக்குத் தெரிந்த உண்மை அதுதான். இந்த விளையாட்டுக்கு முதலில் ஓர் இறந்தகாலம் வேண்டும். பெயர், எடை, வெற்றி தோல்விக் கணக்கு, ஒரு புகைப்படமாவது வேண்டும். 1970 ஜனவரியில் அலியும் ராக்கி மார்சியானோவும் மோதும் படம் ஒன்று அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்டது. இருவரின் ஆட்ட விவரங்களையும் கணினிக்குக் கொடுத்தார்கள். அவர்களையே நடிக்க வைத்துப் பலவித முடிவுகளைப் படம்பிடித்தார்கள். மார்சியானோ 13-ஆம் சுற்றில் ஜெயித்ததாகக் காட்டினார்கள். படம் வெளிவரும் முன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்திருந்தார். கணக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தால், இறந்துபோன ஆணையும் ஜெயிக்க வைக்கலாம்.

பெண்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகம் திறக்கப்படவே இல்லை. ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை நுழைந்தது 1904-இல்; பெண்கள் குத்துச்சண்டை நுழைந்தது 2012-இல். இங்கிலாந்தின் அமெச்சூர் சங்கம் பெண்கள் மீதான தடையை 1996-இல்தான் விலக்கியது. முதல் பெண்கள் உலகப் போட்டி 2001-இல் நடந்தது. அதற்கு முன் கையுறை மாட்டிய பெண்களே இல்லை என்பதல்ல. 1940-களின் இறுதியில் பார்பரா பட்ரிக் என்ற, ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ள இங்கிலாந்துப் பெண் சந்தைத் திடல்களின் கூடாரங்களில் சண்டையிட்டார். நம் டீக்கடைகளுக்கு அந்தப் பெயர் வந்து சேரவில்லை.

வடசென்னையின் குத்துச்சண்டைக் குழுக்களுக்குப் பெயரே பரம்பரை: சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை. கித்தேரி முத்துவின் பெயரை இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும், சொல்ல வேண்டிய பெயர்தான். ஆனால் அங்கே பரம்பரை என்பது ஆண் கையிலிருந்து ஆண் கைக்குப் போவது. வீரனுக்குச் சோறாக்கியவளும் வீங்கிய முகத்துக்கு ஒத்தடம் கொடுத்தவளும் அந்தப் பரம்பரையில் சேர்த்தியில்லை.

தமிழ் படித்தவளுக்கு இங்கே நக்கண்ணையார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போரைப் பற்றிச் சாத்தந்தையாரும் பாடியிருக்கிறார், நக்கண்ணையாரும் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 85-ஆம் பாட்டில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு பக்கம், இல்லை என்கிறது மறுபக்கம். இவள் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், தன் வீட்டுப் பனையில் சாய்ந்து நின்று பார்க்கிறாள். அவன் ஜெயித்ததை நான் கண்டேன் என்கிறாள். கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பெண் அவள். தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? அதே வீரனைப் பற்றிய சாத்தந்தையாரின் பாட்டுகள் தும்பையிலும் வாகையிலும், போராகவும் வெற்றியாகவும் இடம்பெற்றன. நக்கண்ணையாரின் மூன்று பாட்டுகளும் கைக்கிளை ஆயின. அவற்றில் காதல் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தக் காதலுக்குள் ஒரு போட்டியின் சாட்சியமும் இருக்கிறது. திணைப் பெயர் அதைச் சொல்வதில்லை.

சரி, பெண்களுக்கும் இரண்டு தலைமுறை வீராங்கனைகள் கிடைத்த பிறகு என்ன நடந்தது? ஆண்கள் கற்பனையில் நடத்திய போட்டி எங்களுக்கு நிஜத்திலேயே நடந்தது. 2019 டிசம்பர் 28, டெல்லி. ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு யாரை அனுப்புவது என்ற தேர்வுப் போட்டி. ஒரு மூலையில் 1982-இல் பிறந்த மேரி கோம். எதிர் மூலையில் 1996-இல் பிறந்த நிகத் ஜரீன். 9-1 என்று மேரி கோம் ஜெயித்தார். முடிந்ததும் கைகுலுக்க மறுத்தார். எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் “மாமியார் மருமகள் சண்டை” என்று சிரித்தார்.

நான் எடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மேரி கோமின் ஆறு உலகத் தங்கங்களும் 45, 46, 48 கிலோ பிரிவுகளில் வந்தவை. 2012 ஒலிம்பிக்கில் ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள், பெண்களுக்கு மூன்று. அந்த மூன்றில் மிகக் குறைந்தது 51 கிலோ. உடம்பை ஏற்றிக்கொண்டு போய், தன்னைவிடப் பெரிய உடம்புகளோடு மோதித்தான் அவர் வெண்கலம் வாங்கினார். டோக்கியோவுக்கு ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்கு ஐந்து. அப்போதும் 51-தான் கடைசிப் படி. நிகத் பிறகு உலகப் பட்டம் வென்றது 2022-இல் 52 கிலோவிலும், 2023-இல் 50 கிலோவிலும். பதிமூன்று வயது இடைவெளியுள்ள இருவரை ஒரே எடையில், ஒரே இடத்துக்காக நிறுத்தியது அவர்களின் பொறாமையா? இரண்டு பேருக்கு ஒரு பாய் விரித்துவிட்டு, ஏன் இடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பது நம் வீடுகளுக்கும் பழக்கம்தான்.

என் வகுப்பில் குத்துச்சண்டை ஆடும் மாணவி ஒருத்தி இருந்தாள். 48 கிலோ. மூக்கு உடைந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்பது அவள் அம்மாவின் கவலை. இறுதி ஆண்டிலேயே பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் அவளிடம் அப்பாவின் விளையாட்டை விளையாடினேன். “2006-இல் ஜெயித்த மேரி கோமும் 2022-இல் ஜெயித்த நிகத்தும் மோதினால்?”

அவள் யோசிக்கவேயில்லை. “மோதவே மாட்டாங்க மேம். அவங்க 46, இவங்க 52. ரெண்டு பேருமே சாம்பியன்.”

டீக்கடையில் அத்தனை வருடம் யாரும் சொல்லாத பதில். தனித்தனி இடம் இருந்தால் ஒருத்தி ஜெயிக்க இன்னொருத்தி விழ வேண்டியதில்லை.

அவள் ஆடிய போட்டிகளின் விவரம் எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். சான்றிதழ்கள் சில பீரோவில் இருப்பதாகச் சொன்னாள். ஜெயித்தவற்றுக்கு மட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தேதி, ஊர், எடை, எதிரே நின்றவளின் பெயர், முடிவு. எத்தனை தோணி போயிற்று, எத்தனை சிப்பி வந்தது என்று கணக்கு எழுதி வைத்த கரை இது; இதையும் எழுதலாம்.

மறுவாரம் வந்து கேட்டாள்: “தோத்ததையும் எழுதணுமா மேம்?”

“எழுதும்மா. ஜெயிச்ச பிள்ளைக்கு அது எங்கயும் எழுதியிருக்காது.”